உங்கள் ஃபைலைத் திறந்ததும் நான் முதலில் அழுத்தும் பொத்தான்

வேர்டில் ஹோம் மெனுவில், பத்திகளை ஒழுங்குபடுத்தும் பொத்தான்களுக்குப் பக்கத்தில், ஆங்கிலப் ‘பி’ (P) எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரு குறி இருக்கும். வருடக்கணக்காக வேர்டில் வேலை பார்த்தவர்கள்கூட அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். தவறிப்போய்த் தொட்டுவிட்டால், பக்கம் முழுக்கப் புள்ளியும் அம்புமாக வந்துவிட்டதே என்று பதறிப்போவார்கள். நீங்கள் எனக்கு ஒரு ஃபைலைக் கொடுத்தால், ஒரு வரிகூடப் படிக்கும் முன் நான் அதைத்தான் அழுத்துவேன். ஸ்பேஸ் தட்டிய இடமெல்லாம் புள்ளியாகவும், டேப் தட்டிய இடம் அம்பாகவும், என்டர் தட்டிய இடம் அதே குறியாகவும் தெரியும். தலைப்பு நடுவில் வர வேண்டும் என்று 23 முறை ஸ்பேஸ்பாரைத் தட்டியிருந்தால், தலைப்புக்கு முன்னால் 23 புள்ளிகள் எறும்பு வரிசை போல நிற்கும். அடுத்த பக்கத்துக்குப் போக 14 என்டர் தட்டியிருந்தால் அதுவும் ஒன்றன் கீழ் ஒன்றாக மாட்டிக்கொள்ளும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆஃபீஸ் சாஃப்ட்வேர் பாடம் எடுப்பவள் நான். ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: “மிஸ், எந்தெந்த பட்டன் எல்லாம் தெரிஞ்சிருக்கணும்?” பட்டன் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்வது வீண் என்றுதான் பதில் சொல்வேன். 2007-இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸில் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு, ‘ரிப்பன்’ என்ற பட்டையைக் கொண்டுவந்தது. எது எங்கே என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் புது ஊருக்கு வந்தவர்கள் ஆனார்கள். நானும் அதில் ஒருத்தி. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஒரு வாரத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆகவே இந்தப் பாடத்தில் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். நீங்கள் செய்த ஃபைலை, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது வேறு ஒருவர் திறந்து, ஓர் இடத்தில் திருத்தினால், மற்ற இடம் கலையக் கூடாது. அச்சில் அழகாக இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

மதிப்பெண் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரப் பயிற்சிகளுக்கு 40, டைப்பிங்குக்கு 10, கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு 50. எழுத்துத் தேர்வு கிடையாது. ‘எக்செல் என்றால் என்ன, வரையறு’ என்று நான் கேட்க மாட்டேன்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பது

இதற்கு மதிப்பெண் இல்லை என்று நினைப்பவர்கள்தான் பாதி மதிப்பெண்ணை இழப்பவர்கள். ‘அசைன்மென்ட்’, ‘அசைன்மென்ட் புதுசு’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’ என்று ஒரே ஃபோல்டரில் ஐந்து ஃபைல் வைத்திருந்த பையன் ஒருவன், எனக்கு அனுப்பியது ‘புதுசு’. பாவம், ‘இதுதான் ஃபைனல்’ நன்றாகவே செய்திருந்தான்.

பெயரில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: தேதி, வேலை, உங்கள் பெயர். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். நாளை முதலில் போட்டால், ஃபோல்டரைப் பெயர் வாரியாக அடுக்கும்போது எல்லா மாதத்தின் 1-ஆம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும். வருடத்தை முதலில் போட்டால் தானாகவே கால வரிசையில் நிற்கும். மாதத்தை 3 என்று போடாமல் 03 என்று போடுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைப் பொறுத்து 10 சில சமயம் 3-க்கு முன்னால் போய் உட்காரும்.

உட்கார்ந்ததும் முதல் வேலை, வெற்றுப் பக்கத்தையே சேவ் செய்வது. அப்புறம் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கை தானாக கண்ட்ரோல் எஸ் போக வேண்டும். தானியங்கி சேவ் இருக்கிறதே என்பீர்கள். அது எப்போதும் இயங்காது. பொதுவாக கிளவுடில் வைத்த ஃபைலுக்குத்தான் அது வேலை செய்யும். பென் டிரைவில் நேராகத் திறந்து வேலை செய்துவிட்டு அதை அப்படியே பிடுங்குகிறவர்களைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

‘ஃபைல் ஓப்பன் ஆகலையா மிஸ்? என்கிட்ட ஓப்பன் ஆச்சே’ என்ற பதிலையும் நான் ஏற்பதில்லை. அனுப்பிய பிறகு, அனுப்பியதையே இன்னொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ திறந்து பாருங்கள். படம் ஒன்றின் பெயரை மாற்றி வேர்டு ஃபைல் மாதிரி அனுப்பினால் இரண்டு நாள் தப்பிக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். வேர்டு ஃபைல் என்பது உள்ளே ஒரு ஜிப் பொட்டலம். நகல் ஒன்று எடுத்து, அதன் பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், எழுத்து தனி, ஸ்டைல் தனி, படங்கள் தனி என்று பிரித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். பெயரை மாற்றிய படத்துக்குள் அதெல்லாம் இருக்காது. பத்து நொடியில் தெரிந்துவிடும்.

விரல்கள்

நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு வந்தவள். ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே என்று தாள் தாளாக அடித்த தலைமுறை. எஃப் விசையிலும் ஜே விசையிலும் சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். இரண்டு ஆட்காட்டி விரல்களும் அங்கே உட்கார வேண்டும். பார்க்காமலே திரும்பி வந்து உட்காருவதற்காக வைத்த மேடு அது.

வருட முடிவில் நிமிடத்துக்கு 30 சொல் எதிர்பார்க்கிறேன். இந்தக் கணக்கில் ‘சொல்’ என்றால் ஸ்பேஸையும் சேர்த்து ஐந்து தட்டல். இரண்டு விரலால் வேகமாக அடிக்கிறேன் என்று வருகிறவர்கள் முதல் மாதம் மெதுவாகிப் போவார்கள், எரிச்சலாக இருக்கும். தினம் 10 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மொத்தமாக அடிப்பது உதவாது, விரல் மறந்துவிடும்.

தமிழில் டைப் செய்யும்போது யூனிகோடு எழுத்தில் மட்டும் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், திரையில் ‘அ’ தெரிந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். தேடினாலும் கிடைக்காது, அகர வரிசையில் அடுக்கினாலும் சரியாக வராது. வேறொருவர் திறந்தால் கலையக் கூடாது என்று சொன்னேன் அல்லவா, இது திறந்த உடனேயே கலைகிறது.

வேர்டு

டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளி உருளையை வலப்பக்கமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த வேலைதான் பின்னால் கீபோர்டில் ரிட்டர்ன் விசை ஆயிற்று, இன்று அதை என்டர் என்கிறோம். என் தலைமுறைக்கு வரி முடிந்தால் கை தானாக அங்கே போகும். உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. வேர்டில் என்டர் என்றால் ‘பத்தி முடிந்தது’ என்று அர்த்தம், ‘கீழே போ’ என்று அர்த்தம் இல்லை. பத்திகளுக்கு நடுவே இடைவெளி வேண்டுமா, பத்தியின் அமைப்பில் ‘பின்னால் இத்தனை பாயின்ட்’ என்று சொல்லுங்கள். புதுப் பக்கம் வேண்டுமா, கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு என்டர். 14 என்டர் தட்டிப் போன பக்கம், மேலே யாராவது இரண்டு வரி சேர்த்தால் இரண்டு வரி கீழே இறங்கிவிடும்.

தலைப்பை எப்படிப் போட்டீர்கள் என்பது நான் பார்க்கும் அடுத்த விஷயம். எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நீல நிறம் பூசினால் அது தலைப்பு மாதிரி தெரியும், அவ்வளவுதான். வேர்டுக்கு அது தலைப்பு என்று தெரியாது. ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலைக் கொடுத்தால் தெரியும். தெரிந்தால் என்ன லாபம் என்றால், 20 பக்க ப்ராஜெக்டுக்குப் பொருளடக்கத்தைத் தானே போட்டுத் தரும். பக்க எண் மாறினால் ஒரு முறை ‘அப்டேட்’ கொடுத்தால் சரியாகிவிடும். எல்லாத் தலைப்பையும் நீலத்திலிருந்து கறுப்பாக மாற்றச் சொன்னால், ஸ்டைலை ஓரிடத்தில் மாற்றுவீர்கள், எல்லாம் மாறும். பொருளடக்கத்தைக் கையால் டைப் செய்து, பக்க எண்ணுக்கு முன்னால் புள்ளி புள்ளியாகத் தட்டி நிரப்பிய ஃபைல்கள் வருடத்துக்கு நான்கைந்து வரும். எவ்வளவு பொறுமை! அந்தப் பொறுமையில் கால் பங்கு இருந்தால் ஸ்டைலைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

படம் எங்கெங்கோ ஓடுகிறது என்று அழுபவர்களுக்கு: படத்தின் அமைப்பை ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்று வையுங்கள். அது ஒரு பெரிய எழுத்து மாதிரி வரிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். மிதக்கும் படங்களைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஃபைல் மெனுவில் இன்ஃபோ என்ற பக்கத்தைத் திறந்தால், உருவாக்கியவர் பெயரும், திருத்துவதற்கு எடுத்த மொத்த நேரமும் தெரியும். ஒரு பையன் கொடுத்த ஃபைல் இது: மூன்று பக்கக் கட்டுரை, இரண்டு அட்டவணை, எடுத்த நேரம் 2 நிமிடம், உருவாக்கியவர் பக்கத்து பெஞ்சில் இருப்பவர். அந்தப் பையனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அதே ஃபைலைத் திறந்து, “இந்த அட்டவணையில் நடுவில் ஒரு வரி சேர்” என்றேன். மூன்று நிமிடம் மவுஸைச் சுற்றிக்கொண்டு இருந்தான்.

எக்செல்: இங்கேதான் நேரம் அதிகம்

பாடத்தில் பாதி நாள் எக்செலில் போகும். இதில் தப்பு செய்தால் திரையில் தெரியாது என்பதுதான் காரணம். வேர்டில் கோணலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். எக்செலில் தப்பான விடையும் சரியான விடையும் ஒரே எழுத்துருவில், ஒரே கட்டத்தில், ஒரே கம்பீரத்தோடு நிற்கும்.

என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், 42 பேரின் மதிப்பெண் பட்டியல். மொத்தத்தைக் கால்குலேட்டரில் போட்டுக் கையால் டைப் செய்தேன், அது முதல் தப்பு. ரேங்க் போட வேண்டும் என்று மொத்தம் இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொன்னேன். எக்செல் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்டது: பக்கத்திலும் தகவல் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளவா, இல்லை தேர்ந்தெடுத்ததை மட்டும் அடுக்கவா? நான் படிக்கவே இல்லை. இரண்டாவதைத் தட்டினேன். மதிப்பெண்கள் மட்டும் அழகாக இறங்கு வரிசையில் நின்றன, பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சேவ் செய்து, மூடி, அச்செடுத்து ஒட்டிவிட்டேன். வருகைப் பதிவேட்டில் முதல் பெயருக்கு முதல் ரேங்க், இரண்டாவது பெயருக்கு இரண்டாவது ரேங்க், அப்படியே 42 வரை. முதல் ரேங்க் வாங்கிய பையன்தான் வந்து, “மிஸ், எனக்கே நம்ப முடியல” என்றான். ஃபைலை மூடிவிட்டதால் செய்ததைத் திருப்பி எடுக்கும் கண்ட்ரோல் இசட் உதவாது. அன்று ராத்திரி விடைத்தாள் கட்டை மறுபடி பிரித்து உட்கார்ந்தேன்.

அதிலிருந்து வந்தவை என் வகுப்பின் விதிகள். கூட்டல், சராசரி, சதவீதம் எதையும் கையால் டைப் செய்யக் கூடாது, ஃபார்முலா இருக்க வேண்டும். ஃபார்முலா இருந்திருந்தால் அந்த ராத்திரி எனக்கு வந்திருக்காது. அடுக்கும் முன் பட்டியலுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் மட்டும் கிளிக் செய்யுங்கள், எக்செல் முழுப் பட்டியலையும் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் நடுவில் முழு வெற்று வரி விடாதீர்கள், பட்டியல் அங்கேயே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். மூலத் தகவல் இருக்கும் ஷீட்டை நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். பெட்டி எதுவும் வந்தால் படித்துவிட்டுத் தட்டுங்கள்.

ஃபார்முலாவில் அதிகம் தடுக்கி விழும் இடம் டாலர் குறி. சதவீதம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். மொத்த மதிப்பெண் 500 என்பதை எஃப்1 கட்டத்தில் எழுதிவிட்டு, முதல் மாணவரின் மதிப்பெண் பி2 (B2) கட்டத்தில் இருக்க, ‘பி2 வகுத்தல் எஃப்1’ என்று போட்டீர்கள். விடை சரி. கீழே இழுத்தீர்கள். அடுத்த வரியில் பி2 என்பது பி3 ஆனது, அது வேண்டியதுதான். கூடவே எஃப்1 என்பது எஃப்2 ஆகிவிட்டது. எஃப்2 காலியாக இருக்கிறது, பூஜ்ஜியத்தால் வகுக்கிறாய் என்று எக்செல் கத்தும். கத்தினால் நல்லது. எஃப்2-இல் வேறு ஏதாவது எண் இருந்தால் கத்தாமல் தப்பான விடை தரும். எஃப்-க்கு முன்னால் ஒரு டாலர், 1-க்கு முன்னால் ஒரு டாலர் போட்டால் அந்த முகவரி நகராது. டாலர் என்பது ஆணி. நெடுவரிசைக்கு ஓர் ஆணி, கிடைவரிசைக்கு ஓர் ஆணி. முகவரியின் மேல் கர்சரை வைத்து எஃப் 4 விசையைத் தட்டினால் ஆணி மாறி மாறி விழும்: இரண்டும், ஒன்று, மற்றொன்று, எதுவும் இல்லை. 500 என்பதை நேராக ஃபார்முலாவுக்குள் எழுதிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அடுத்த தேர்வு 600-க்கு என்றால் எத்தனை கட்டத்தைத் திருத்துவீர்கள்?

கட்டத்தில் எழுதியது எண்ணா, எழுத்தா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் ஓரமாகவோ நடுவிலோ தள்ளாமல் விட்டால், எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம். ஒரு நெடுவரிசையில் எல்லா எண்ணும் வலப்பக்கம் நிற்க, 78 மட்டும் இடப்பக்கம் நின்றால், அது எண் வேஷம் போட்ட எழுத்து. ‘சம்’ ஃபார்முலா அதைக் கூட்டாது, சொல்லவும் செய்யாது. இதனால்தான் எல்லாவற்றையும் நடுவில் வைத்து அழகுபடுத்தும் வேலையைக் கடைசியில் வையுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். நீங்கள் எழுத்து என்று நினைப்பதை எக்செல் எண் ஆக்கிவிடும். சேர்க்கை எண் 00417 என்று அடித்தால் 417 ஆகிவிடும். 16 இலக்க எண்ணை அடித்தால் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும், திரும்பவும் வராது. அதனால் கூட்டவோ பெருக்கவோ போகாத எண்களை, அதாவது போன் எண், சேர்க்கை எண், கணக்கு எண் போன்றவற்றை, அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். மாணவர்கள் மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அவற்றை எக்செலில் அடிக்க, அது மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக்கிவிட்டது. பெயர் சூட்டும் குழு எக்செலோடு மல்லுக்கு நின்று அலுத்து, மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டது. 2020-இல் வெளியிட்ட விதிகளில் இது இருக்கிறது.

தேதி என்பதே எக்செலுக்கு ஓர் எண்தான். ஒரு கட்டத்தில் 2000-ஆம் வருடம் ஜனவரி 1 என்று அடித்து, அதன் வகையை ‘நம்பர்’ என்று மாற்றிப் பாருங்கள், 36526 என்று காட்டும். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு வந்த கணக்கு. அதனால்தான் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் நாள் கணக்கு கிடைக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: 1900 லீப் வருடம் இல்லை, ஆனால் எக்செல் அந்த வருடம் பிப்ரவரி 29 இருந்ததாக நம்புகிறது. அதற்கு முன் கோலோச்சிய லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருள் செய்த பிழை அது. அதன் ஃபைல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே வைத்துக்கொண்டார்கள். இதைத் தேர்வில் கேட்க மாட்டேன், எனக்குப் பிடித்திருப்பதால் சொல்கிறேன்.

கேட்கப் போவது இதை. நான்கு மாணவர்களில் மூன்று பேர் 80, 60, 70. நான்காவது மாணவர் தேர்வுக்கு வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சராசரி 70. பூஜ்ஜியம் போட்டால் 52.5. ‘வரவில்லை’ என்று எழுத்தில் எழுதினாலும் 70, ஏனென்றால் சராசரிக் கணக்கு எழுத்தைத் தாண்டிப் போய்விடும். எது சரி? எக்செலுக்குத் தெரியாது. நீங்கள்தான் முடிவு செய்து, பட்டியலுக்குக் கீழே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக, ஃபார்முலா எந்தக் கட்டம் முதல் எந்தக் கட்டம் வரை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. விடை இருக்கும் கட்டத்தில் நின்று கீபோர்டின் எஃப் 2 விசையைத் தட்டினால், அது கணக்கில் சேர்த்த கட்டங்களைச் சுற்றி வண்ணக் கோடு விழும். ஐந்து நொடி வேலை. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள், நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-இல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க அரசியல்வாதிகள் மேற்கோள் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அதே கணக்கை வகுப்புப் பயிற்சியாகப் போட்டுப் பார்த்தார், விடை வரவில்லை. அவர்களிடமே கேட்டு எக்செல் ஃபைலை வாங்கித் திறந்தார். சராசரி 30-ஆம் வரியிலிருந்து 49 வரை போக வேண்டியது, 44-இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் இல்லை. கட்டுரையில் அவர் சொன்ன குறைகள் வேறும் உண்டு, பெரிய வித்தியாசம் அவற்றால்தான் வந்தது. ஆனால் 2013-இல் செய்தியானபோது எல்லோர் வாயிலும் இருந்தது அந்த ஐந்து வரிதான். நான் இதை வகுப்பில் சொன்னதும் யாராவது எஃப் 2 தட்டத் தொடங்குவார்கள். அதுதான் எனக்கு வேண்டும்.

பவர்பாயின்ட்

இதற்கு இரண்டு வாரம்தான். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், வேண்டாத அளவுக்கே தெரியும். எழுத்து சுழன்று வந்து குதிப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர் படிக்க வேண்டும், அதனால் எழுத்தின் அளவு 24-க்குக் கீழே போக வேண்டாம். ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிக்கப் போகிறீர்கள் என்றால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், நாங்களே படித்துக்கொள்கிறோம். எல்லா ஸ்லைடிலும் வர வேண்டியதை ஸ்லைடு மாஸ்டரில் ஒரு முறை வையுங்கள். பேசும்போது எல்லோரும் உங்களைப் பார்க்க வேண்டும் என்றால் கீபோர்டில் ‘பி’ (B) தட்டுங்கள், திரை கறுப்பாகும். மறுபடி தட்டினால் வரும்.

நண்பரிடம் கேட்பதும், ஏஐயிடம் கேட்பதும்

தாராளமாகக் கேளுங்கள். ஒரே ஒரு விதி: உதவி செய்பவர் உங்கள் மவுஸைத் தொடக் கூடாது. வாயால் சொல்லட்டும், விரலால் திரையைக் காட்டட்டும். மவுஸைப் பிடுங்கி “இங்க பாரு, இப்படி” என்று நான்கு கிளிக்கில் முடித்துவிட்டுப் போனால், அவருக்குத்தான் பயிற்சி கிடைத்தது. இந்த விதி எனக்கும் உண்டு. நான் உங்கள் மவுஸை எடுத்தால் கையைத் தட்டிவிடலாம்.

ஏஐயிடம் ஃபார்முலா கேட்டு ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதில் ஒரு டாலரை அழித்துவிட்டு, கீழே இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்பேன். சொல்லிவிட்டால் முழு மதிப்பெண். சொல்ல முடியாவிட்டால் அந்த ஃபார்முலா உங்களுடையது இல்லை.

செய்முறைத் தேர்வு அன்று

வெற்றுத் திரை தர மாட்டேன். யாரோ கெடுத்து வைத்த இரண்டு ஃபைல் தருவேன், 45 நிமிடம். வேர்டு ஃபைலில் ஸ்பேஸால் நகர்த்திய தலைப்பு, கையால் போட்ட பொருளடக்கம், ஓடும் படம் எல்லாம் இருக்கும். எக்செல் ஃபைலில் எழுத்தாகிப்போன ஓர் எண், ஆணி இல்லாத ஒரு ஃபார்முலா, பாதியில் நின்ற ஒரு சராசரி, கையால் டைப் செய்த ஒரு மொத்தம். எத்தனை பிழை என்று சொல்ல மாட்டேன்.

முதல் ஐந்து நிமிடம் எதையும் திருத்தாதீர்கள். நகல் ஒன்று எடுத்துப் பெயர் வையுங்கள். வேர்டில் அந்தத் திரும்பிய ‘பி’யை அழுத்துங்கள். எக்செலில் கண்ட்ரோலோடு, எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையைத் தட்டுங்கள், கட்டங்களில் விடைக்குப் பதில் ஃபார்முலாக்கள் தெரியும். ஃபார்முலாக்களுக்கு நடுவே வெறும் எண் ஒன்று நின்றால் அங்கே கையால் டைப் செய்திருக்கிறார்கள். அதே விசைகளை மறுபடி தட்டினால் பழையபடி ஆகிவிடும். பார்த்ததை எல்லாம் தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம் கையை வையுங்கள்.

முடித்ததும் சேவ் செய்துவிட்டுத் திரையை அணைக்காமல் எழுந்துகொள்ளுங்கள். நான் ஒவ்வொரு கம்ப்யூட்டராக வந்து, உங்கள் எக்செலில் ஒரு மாணவரின் மதிப்பெண்ணை மட்டும் மாற்றி என்டர் தட்டுவேன். அவருடைய மொத்தம், சதவீதம், கீழே இருக்கும் வகுப்புச் சராசரி மூன்றும் அசைய வேண்டும்.